லிஃப்ட் இல்லை என்று ஒரு வரி

போன வருடம் அம்மாவுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அப்போது நாங்கள் இருந்தது சென்னை மடிப்பாக்கத்தில், 2003இல் அப்பா வாங்கிய ஃப்ளாட்டில். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், அதற்கு மேல் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, எண்ணினால் 36 படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து நானும் முதல் மாடிப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம், நடு வளைவில் நாற்காலி திரும்பாமல் நின்றபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தரைத்தளமாகவோ லிஃப்ட் உள்ளதாகவோ ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போய்விடுவது என்று அன்று ராத்திரியே முடிவெடுத்தோம்.

அதனால் ஒரே இரண்டு மாதத்தில் நான் இரண்டு பக்கமும் நின்றேன். காலையில் அடுத்தவர் போட்ட வீட்டு விளம்பரத்தைப் பார்த்து அலைந்தேன், ராத்திரி என் வீட்டுக்கான விளம்பரத்தை எழுதினேன். அந்த அலைச்சல் இல்லாமல் போயிருந்தால் என் விளம்பரத்தையும் எல்லோரையும் போல ‘2 பிஎச்கே, நல்ல காற்றோட்டம், 24 மணி நேரத் தண்ணீர், பஸ் ஸ்டாண்ட் அருகில்’ என்று நாலு வரியில் முடித்திருப்பேன்.

முதலில் தேடிய கதை.

எங்களுக்கு வேண்டியது அதிகம் இல்லை. படி ஏறக் கூடாது, பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட், வாக்கர் நுழையும் அளவுக்குக் கதவு. கீழ்க்கட்டளை, நங்கநல்லூர், புழுதிவாக்கம், உள்ளகரம் என்று நாங்கள் பழகிய பகுதிக்குள்ளேயே தேடினேன். இணையத்தில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வீடு இருக்கிறது, படம் இருக்கிறது, வாடகை இருக்கிறது. ஆனால் எந்த மாடி என்பது பாதி விளம்பரங்களில் இல்லை. இருந்தாலும் ‘முதல் மாடி’ என்பதற்கு எந்தப் பொருள் என்று தெரியாது, ஒருவர் பார்க்கிங்குக்கு மேலே இருப்பதை முதல் மாடி என்கிறார், இன்னொருவர் அதையே தரைத்தளம் என்கிறார். உள்ளகரத்தில் ஒரு வீட்டை ‘கிரவுண்ட் ஃப்ளோர்’ என்று போட்டிருந்ததை நம்பி, ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றால் எதிரே 17 படி. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ‘கீழே பார்க்கிங் இருக்கு இல்ல சார், அதுக்கு மேல இதுதானே மொதோ வீடு’ என்றார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் என் அரை நாள் போனது போனதுதான்.

நங்கநல்லூரில் ஒரு வீடு, ‘லிஃப்ட் உண்டு’. ஆமாம், இருந்தது. ஆறு மாதமாக ஓடவில்லை, அசோசியேஷனில் பணம் சேரவில்லையாம். இன்னொரு இடத்தில் லிஃப்ட் ஓடியது, ஆனால் அது நிற்கும் இடத்திலிருந்து வீட்டு வாசலுக்கு நாலு படி இறங்க வேண்டும். அந்த நாலு படி எந்தப் படத்திலும் இல்லை. ஹாலை வாசல் மூலையில் நின்று அகல லென்ஸில் எடுத்து ஊஞ்சல் கட்டும் கூடம் மாதிரி காட்டியிருந்தார்கள், நேரில் ஒரு சோபாவைப் போட்டால் நடக்க இடமில்லை. அப்புறம் எந்த விளம்பரத்திலும் பாத்ரூம் படம் கிடையாது. நான் எல்லோரிடமும் முதலில் கேட்டதே அதைத்தான். ‘பாத்ரூம் போட்டோ எதுக்கு சார்?’ என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அம்மாவின் காலைப் பற்றிச் சொன்ன பிறகு அவரே போய் எடுத்து அனுப்பினார், உள்ளே போக ஓர் அடி உயரத்துக்கு ஒரு மேடை. அந்த ஒரு படத்தால் எனக்கும் அவருக்கும் ஒரு மாலை நேரம் மிச்சம்.

‘மெட்ரோ 2 நிமிடம்’ என்று மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வீடுகளுக்கு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது வழித்தடம் இந்தப் பக்கமாகத்தான் வருகிறது, உண்மை. ஆனால் நான் வீடு தேடிய நாளில் அங்கே இருந்தது தூணும் தடுப்பும் ஒருவழிப் பாதையும்தான், ரயில் இல்லை. ‘மெட்ரோ வேலை நடக்கிறது, இப்போதைக்கு மெயின் ரோட்டுக்குச் சுற்றித்தான் போக வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அது வரப்போகிறவருக்கு உதவும் தகவல். நிமிடக் கணக்கும் அப்படித்தான். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) 15 நிமிடம் என்றால் அது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேளச்சேரியைத் தாண்டுவதற்குள்ளேயே அந்தப் பதினைந்து நிமிடம் முடிந்துவிடும். நிமிடத்தை விட்டுவிட்டு கிலோமீட்டரைச் சொன்னால் போதும், டிராஃபிக் கணக்கை இந்த ஊர்க்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் விட எனக்கு வலித்தது வேறொன்று. ஒரு வீடு எல்லாவற்றுக்கும் பொருந்தியது, தரைத்தளம், வாடகை சரி, கதவு அகலம். போனில் பத்து நிமிடம் பேசிய பிறகு, ‘நீங்க வெஜ்ஜா?’ என்றார். இல்லை என்றேன். ‘சாரி சார்’ என்று வைத்துவிட்டார். இன்னொரு வீட்டில் நேரில் போய் எல்லாம் பார்த்து முடித்த பிறகு அம்மாவிடம், ‘நீங்க எந்த ஊர்ப் பக்கம்மா?’ என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள், எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்பது அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. இந்த நிபந்தனைகள் எனக்கு உடன்பாடில்லாதவை, நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிற நிபந்தனையை ஒருவர் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வைத்துக்கொண்டுதான் இருப்பார் என்றால், வாக்கர் பிடித்து வரும் ஒருத்தியை வாசல் வரை வரவழைத்த பிறகு அதைச் சொல்லக் கூடாது.

சரி, கடைசியில் நங்கநல்லூரிலேயே வீடு கிடைத்தது. அந்த விளம்பரத்தில் ‘வாசலில் இரண்டு படி உண்டு, சாய்வுப் பலகை போட்டுக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. நான் பார்த்த அத்தனை விளம்பரத்திலும் ஒரு ஓனர் தன் வீட்டு வாசலை இன்னொருவர் கண்ணால் பார்த்து எழுதிய ஒரே வரி அதுதான். அன்று மாலையே போய் அட்வான்ஸ் கொடுத்தேன்.

இனி என் வீடு.

எழுத உட்கார்ந்ததும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். எத்தனை சதுர அடி? எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது 840. பத்திரத்திலும் அதுதான். ஆனால் அந்த 840இல் வெளிச்சுவர், மாடிப்படியில் எங்கள் பங்கு, மொட்டை மாடி அறை என்று எல்லாம் கலந்திருக்கிறது. நானும் என் மகளும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அளந்தோம். ஹால் 16க்கு பத்தரை, பெரிய பெட்ரூம் 12க்கு பத்தரை, சின்னது பத்தரைக்கு 10, கிச்சன் 9க்கு ஏழரை, இரண்டு பாத்ரூம், நடுவில் ஒரு சின்ன நடை. கூட்டினால் 555. உள் சுவர்களையும் சேர்த்தால் 585க்குப் பக்கத்தில் வரும். பால்கனி 40, அது தனி. இருபது வருடத்துக்கு மேலாக 840 சதுர அடி வீட்டில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மகள் நோட்டில் எழுதியதைத் திரும்பவும் கூட்டிப் பார்த்தாள்.

இதில் எது கார்பெட் ஏரியா என்பதற்குச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரேரா என்று சொல்வது, அதன்படி வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்புதான் கார்பெட் ஏரியா. உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், பைப் போகும் டக்ட், பால்கனி, தனி மொட்டை மாடி இதெல்லாம் சேராது. இவ்வளவு தெளிவாக ஒரு வரையறை இருந்தும், நம் ஊரில் வாடகைக்கோ பழைய ஃப்ளாட் விற்பனைக்கோ விளம்பரம் போடுகிறவர்கள் வெளிச்சுவர், மாடிப்படிப் பங்கு எல்லாம் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கைத்தான் எழுதுகிறார்கள். எது எந்தக் கணக்கு என்று சொல்லாமல் ‘1000 சதுர அடி’ என்று மட்டும் எழுதினால் அது உள்ளே 800 ஆகவும் இருக்கலாம், 680 ஆகவும் இருக்கலாம். நான் என் விளம்பரத்தில் ‘பத்திரப்படி 840, உள்ளே அளந்தது 585, பால்கனி 40’ என்று மூன்றையும் எழுதினேன். ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் எழுதினேன், ஏனென்றால் வருகிறவர் தன்னுடைய கட்டிலையும் பீரோவையும் வைத்துக்கொண்டுதான் யோசிப்பார். ஆறடிக் கட்டில் சின்ன பெட்ரூமில் நுழையும், ஆனால் அதற்குப் பிறகு பீரோ கதவு முழுசாகத் திறக்காது. நாங்கள் பட்ட பாடு, அதனால் தெரியும்.

தண்ணீர். சென்னையில் வீட்டைப் பற்றி எழுதுகிறவர் தண்ணீரைப் பற்றி எழுதாமல் விட்டால் அவர் பாதி வீட்டைத்தான் எழுதியிருக்கிறார். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் ஏறக்குறைய வறண்டு கிடந்ததை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க முடியாது, நாங்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. ‘24 மணி நேரத் தண்ணீர்’ என்பது போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், மோட்டார் போட்டால் வரும் தண்ணீர். அது எந்த மாதிரித் தண்ணீர் என்பதுதானே கேள்வி? எங்கள் போர் தண்ணீர் உப்பு. துணிக்கும் பாத்திரத்துக்கும் ஆகும், ஆனால் குழாயெல்லாம் வெள்ளை படியும், வருடத்துக்கு ஒரு தடவை ஹீட்டர் காயிலை மாற்ற வேண்டும், குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்குகிறோம். மே மாதம் போர் இறங்கினால் லாரி சொல்வோம், செலவை ஆறு வீடும் பிரித்துக்கொள்ளும். இதையெல்லாம் அப்படியே எழுதினேன். மாதம் எத்தனை கேன் ஆகும் என்பதையும் எழுதினேன், மேலே பார்ப்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் வாடகையோடு சேர்த்து மாதச் செலவைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு அது வேண்டும்.

அப்புறம் மழை. இதில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் வரை, ஸ்டில்ட்டில் நின்ற பைக்குகள் மூழ்கின. வீட்டுக்குள் வரவில்லை, இரண்டாவது மாடி என்பதால் வர வாய்ப்பும் இல்லை, ஆனால் இரண்டு நாள் கரண்ட் இல்லை, கீழே இறங்க முடியவில்லை. நான் இதை எழுதப் போகிறேன் என்றதும் தாய்மாமா போனிலேயே சத்தம் போட்டார். ‘டேய், யாராவது தன் வீட்டைத் தானே குறை சொல்வானாடா? வர்றவன் கேட்டா சொல்லு, கேக்காத வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு.’ வீட்டை அடிக்கடி வாடகைக்கு விட்டுப் பழக்கமுள்ள ஒரு புரோக்கரும் அதையே வேறு மாதிரி சொன்னார். ‘அண்ணே, இவ்வளவும் எழுதுனீங்கன்னா போனே வராது. வாடகையில ரெண்டாயிரம் குறைச்சுக் கேப்பாங்க.’

அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதாதபோது நான் மட்டும் எழுதினால் என் வீடுதான் தண்ணீர் நிற்கும் வீடு என்று ஆகிவிடும், தெரு என்னவோ ஒன்றுதான். ஆனால் வருகிற நவம்பரில் அவருக்கு எப்படியும் தெரியப் போகிறது. அதுவரை தெரியாமல் பைக்கைக் கீழே விட்டிருந்தால் அவருக்கு நஷ்டம், பிறகு ஒவ்வொரு மழைக்கும் என்னைத் திட்டுவார், அடுத்த மார்ச்சில் காலி செய்வார், நான் மறுபடி பெயின்ட் அடித்து மறுபடி ஆள் தேட வேண்டும். அம்மாதான் பேச்சை முடித்தாள். ‘அந்த உள்ளகரத்து வீட்டுக்காரர் படி இருக்குன்னு சொல்லாததுக்கு நீ எவ்வளவு கோவப்பட்டே? இப்ப நீ எழுதுடா’ என்றாள். எழுதினேன். எந்த வருடம் எவ்வளவு நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மெயின் ரோட்டில் எந்த இடத்தில் கொண்டுபோய் விடுவோம் என்பது வரைக்கும்.

கரண்ட் பற்றி ஒரு விஷயம். எங்கள் வீட்டுக்குத் தனி இபி இணைப்பு, த்ரீ ஃபேஸ், தனி கார்டு. இதை எழுதுவது ஏன் முக்கியம் என்றால், நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை படிப்படியாக ஏறும். மாடியும் கீழுமாக இரண்டு குடித்தனத்துக்கு ஒரே இணைப்பு வைத்து சப் மீட்டர் போட்டிருந்தால் அந்த 100 யூனிட் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், இரண்டு வீட்டுக் கணக்கும் சேர்ந்து மேல்படிக்குப் போகும். அதனால்தான் சில ஓனர்கள் யூனிட்டுக்கு ஒரே விலையாக ஒரு தொகை வாங்குகிறார்கள். வாங்குவது எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் ஒருவரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. குடிவந்து இரண்டாவது மாதம் பில்லைக் கையில் கொடுக்கும்போது சொன்னால்தான் மனக்கசப்பு.

பணக் கணக்கை முழுசாக எழுதியதில் எனக்குத் திருப்தி. வாடகை எவ்வளவு, மெயின்டெனன்ஸ் எவ்வளவு, அது வாடகைக்குள்ளா வெளியேயா, அதில் எது சேரும் (காமன் மோட்டார், மாடிப்படி விளக்கு, பெருக்குபவர் சம்பளம், லாரித் தண்ணீர் தனி), காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பேன், எத்தனை மாதத்துக்கு முன் சொல்ல வேண்டும், வருடா வருடம் எவ்வளவு ஏற்றுவேன், எல்லாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ரொம்ப காலமாக ஊறிப்போன வழக்கம், வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் முதலில் மலைத்துப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ள இடமும் விட்டிருக்கிறது. நான் மூன்று மாதம் என்றே எழுதினேன். அக்ரிமென்ட்டை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருப்பதுதான், அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

கார் நிற்காது என்று எழுதினேன். ஸ்டில்ட்டில் நாலு கார்தான் நிற்கும், வீடு ஆறு, எங்கள் பங்கு பைக் இடம். இதை ‘பார்க்கிங் உண்டு’ என்று எழுதுவதுதான் ஊர் வழக்கம்.

இங்கே கொஞ்சம் விற்பனை விளம்பரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே சமயத்தில் என் தங்கை மேடவாக்கம் பக்கம் பழைய ஃப்ளாட் ஒன்று வாங்கத் தேடிக்கொண்டிருந்தாள், விளம்பரங்களை எனக்கு அனுப்பி அனுப்பிக் கேட்பாள். வாடகைக்குப் போகிறவர் பிடிக்காவிட்டால் ஒரு வருடத்தில் காலி செய்துவிடலாம், வாங்குகிறவருக்கு அந்த வழி இல்லை. அப்படியிருந்தும் விற்பனை விளம்பரங்களில் மாடுலர் கிச்சனுக்கு இருக்கும் இடம் யுடிஎஸ்ஸுக்கு இல்லை. யுடிஎஸ் என்பது அந்த மனையில் உங்களுக்குப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும் பிரிக்கப்படாத பங்கு. எங்கள் கட்டடம் ஒன்றரை கிரவுண்டில் இருக்கிறது, ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, ஆக 3600. வீடு ஆறு, சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 600. கட்டடம் வருடா வருடம் பழசாகும், மண்ணுக்குத்தான் விலை ஏறும், முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது உங்கள் பங்கைத் தீர்மானிப்பது அந்த 600தான். தங்கைக்கு வந்த இரண்டு விளம்பரமும் ஏறக்குறைய ஒரே சதுர அடி, ஒரே விலை. ஒன்றில் யுடிஎஸ் 540, இன்னொன்றில் 290. இரண்டுமே விளம்பரத்தில் இல்லை, கேட்டு வாங்கியது. இரண்டாவது வீட்டுக்காரர் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

புதுசாகக் கட்டி விற்பவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் கடிவாளம் போட்டிருக்கிறது. ரேராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது, விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் எடுப்பாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டியவருக்கு நஷ்டம் ஏற்பட்டால் கட்டுமானக்காரர் ஈடு கொடுக்க வேண்டும், வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், இது 12ஆவது பிரிவு. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு உள்ளே இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இல்லாவிட்டாலோ பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்ட். நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை தெருக்களில் ஒரு தனி வீட்டை இடித்துவிட்டு ஒன்றரை கிரவுண்டிலும் இரண்டு கிரவுண்டிலும் எழும்பும் ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கீழேதான். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவதும் அவற்றைத்தான். வாடகை விளம்பரமும், தனி ஆள் தன் பழைய ஃப்ளாட்டை விற்கப் போடும் விளம்பரமும் இந்தப் பதிவு வரம்புக்குள் வருவதே இல்லை. அங்கே எழுதுகிறவரின் மனசுதான் எல்லாம், அதனால்தான் நான் இவ்வளவு தூரம் இதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

விற்பவர் கையில் தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் கொடுத்த பிளான் எல்லாம் இருக்கும். எது இருக்கிறது, எது இல்லை, பட்டா யார் பெயரில் இருக்கிறது, பேங்க் லோன் பாக்கி உண்டா, அப்ரூவல் வாங்கிய பிளானுக்கும் கட்டியதற்கும் வித்தியாசம் உண்டா என்று நாலு வரி எழுத ஐந்து நிமிடம் ஆகாது. வாங்குகிறவர் எப்படியும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், வக்கீலிடம் கொடுப்பார், பேங்க் இன்னொரு தடவை பார்க்கும். மறைத்தது மூன்றாவது வாரத்தில் வெளியே வரும்போது, அதுவரை சொன்ன உண்மைகளையும் அவர் நம்ப மாட்டார். தங்கை விட்டுவிட்டு வந்த ஒரு வீட்டில் அதுதான் நடந்தது. இரண்டாவது மாடிக்கு மேலே அப்ரூவலே இல்லை, அவள் பார்த்ததோ மூன்றாவது மாடி, வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் அவளுடைய கணக்கில்.

என் விளம்பரத்துக்கு வருகிறேன். முடித்தபோது ஒரு முழுப் பக்கம் வந்தது. படம் 14 போட்டேன், எல்லாம் சாதாரணமாகப் போனில் எடுத்தவை, பாத்ரூம் இரண்டும், மாடிப்படி, கேட், தெரு, பின் பெட்ரூம் ஜன்னலிலிருந்து தெரியும் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவர் நாலடியில் இருக்கிறது, அந்த அறையில் பகலிலும் லைட் போட வேண்டும், அதையும் படத்துக்குக் கீழே எழுதினேன். முதல் வரியாக ‘இரண்டாவது மாடி, 36 படி, லிஃப்ட் இல்லை’ என்று போட்டேன். யாருக்குத் தேவையில்லையோ அவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும்.

புரோக்கர் சொன்னது பாதி பலித்தது. போன் குறைவாகத்தான் வந்தது, முதல் வாரத்தில் ஐந்தே ஐந்து. ஆனால் அந்த ஐந்து பேரும் படித்துவிட்டுக் கூப்பிட்டவர்கள். ‘எத்தனை சதுர அடி, எந்த மாடி, அட்வான்ஸ் எவ்வளவு’ என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் சின்ன பெட்ரூமில் ஏசி பாயின்ட் இருக்கிறதா என்று கேட்டார், நான் எழுத மறந்தது அது. ஒருவர் வாடகையில் ஆயிரம் குறைத்துக் கேட்டார், மழைத் தண்ணீரைக் காரணம் காட்டித்தான் கேட்டார். அது நியாயமான பேரம், நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் கோபப்படாமல் போனை வைத்தார். நேரில் வந்து பார்த்தது மூன்று குடும்பம். வந்தவர்கள் வீட்டைப் பார்த்த விதமே வேறாக இருந்தது. எதையும் தட்டிப் பார்த்துச் சந்தேகப்படவில்லை, படித்ததை நேரில் சரிபார்த்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாவதாக வந்தது கணவன், மனைவி, ஐந்தாவது படிக்கும் ஒரு பையன். அவர் நைட் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர், பகலில் தூங்க வேண்டும். வெளிச்சமே வராத அந்தப் பின் பெட்ரூமைப் பார்க்கத்தான் முதலில் போனார். ‘இது ஒண்ணுக்காகவே வந்தேன் சார்’ என்றார். நான் குறை என்று நினைத்து எழுதியது அவருக்கு வேண்டியதாக இருந்தது. கார் இல்லை, பைக் ஒன்றுதான். 2023இல் அவர்கள் பள்ளிக்கரணையில் தரைத்தளத்தில் இருந்து அவதிப்பட்டவர்கள், அதனால் இரண்டாவது மாடி என்பதே அவர்களுக்கு நிம்மதி. வாடகையில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை.

குடிவந்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. மழைக்காலமும் போய்விட்டது, ஒரு நாள் தெருவில் கணுக்கால் அளவு நின்று வடிந்தது, அன்று காலையிலேயே அவர் பைக்கை மெயின் ரோட்டில் விட்டுவிட்டதாக மெசேஜ் அனுப்பியிருந்தார். போன மாதம் மெயின்டெனன்ஸ் கணக்கு பேசப் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு அந்த அம்மா, ‘சார், நீங்க எழுதாத ஒண்ணு இருக்கு’ என்றார். எனக்குப் பகீர் என்றது. சின்ன பெட்ரூமில் அவருடைய போனுக்கு டவர் கிடைப்பதில்லையாம், ஹாலுக்கு வந்தால்தான் பேச முடிகிறதாம். நாங்கள் எல்லோரும் வேறு கம்பெனி சிம் வைத்திருந்ததால் இத்தனை வருடத்தில் எங்களுக்குத் தெரியவே இல்லை. அங்கேயே நின்று அவர் போனில் இரண்டு அறையிலும் பார்த்தேன், உண்மைதான், கிச்சன் பக்கம் ஒரு கோடு, சின்ன பெட்ரூமில் அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய விளம்பரத்தைத் திறந்து, அறை அளவுகளுக்குக் கீழே அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன், ஏசி பாயின்ட்டுக்கு அடுத்த வரியில்.